இந்த மௌனம் அஞ்சலி அல்ல

செத்துப்போனவனுக்காகச் செய்யப்பட்ட காரியத்தை விமர்சிக்கக் கூடாது என்று ஒரு மரியாதை நம்மிடையே இருந்துவருகிறது. அந்த மரியாதையை இங்கே மீற வேண்டியிருக்கிறது. மீறலுக்குக் காரணம் என் நண்பர் ஒருவர்.

நண்பர் கவிதை எழுதுபவர். சென்ற மாதம் ஓர் இரவு முழுக்க அவர் எனக்கு ஒரு விஷயத்தை நிரூபிக்க முயன்றார். மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழு 1988இல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இசைத்தட்டில் எட்டாவதாக வருகிறது ‘டு லிவ் இஸ் டு டை’. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் வாத்திய இசை. 1986இல் விபத்தில் இறந்த தங்கள் பேஸ் கிதார்க் கலைஞன் கிளிஃப் பர்ட்டனுக்கு அக்குழு செய்த அஞ்சலி. இது ஒரு செய்தி. அந்த இசைத்தட்டு நெடுகிலும் பேஸ் கிதார் ஏறக்குறையக் காதில் விழுவதே இல்லை. இது இன்னொரு செய்தி. இரண்டையும் முடிச்சுப் போட்டு நண்பர் ஒரு தத்துவம் செய்துவிட்டார்: பேஸ் வாசித்தவன் போய்விட்டான், ஆகவே பேஸின் இடத்தைக் காலியாக விட்டார்கள், அந்தக் காலியிடம்தான் உண்மையான இரங்கற்பா. இன்மை, சூன்யம், மௌனம் என்று விடியும்வரை பேசினார். இதையே கட்டுரையாக எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. பம்மாத்து பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கிறது.

ஹெவி மெட்டல் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் இரைச்சல், கூந்தல் வளர்த்த பையன்களின் வியாபாரம், இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்பவர்களை நான் அறிவேன். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாவுக்குப் பறை அடித்துப் பழகிய காதுகளுக்கு, துக்கம் உரத்து ஒலிக்கலாம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சத்தத்தின் அளவை வைத்துக் கலையை நிறுப்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. மௌனத்தின் அளவை வைத்து நிறுப்பவரோடுதான் வாதம்.

பர்ட்டன் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1962இல் பிறந்தவன். கலிஃபோர்னியாவில் காஸ்ட்ரோ வேலியில் வளர்ந்தவன். 1975இல் அவனுடைய அண்ணன் ஸ்காட் இறந்துபோனான். அண்ணனுக்காகத் தான் மிகச் சிறந்த பேஸ் கலைஞன் ஆகப்போவதாகக் கிளிஃப் சொன்னதை அவன் பெற்றோர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதாவது அவனுடைய வாசிப்பே ஓர் அஞ்சலியில் உரம் பெற்றது. இறந்தவனுக்காக அவன் எதையும் நிறுத்தவில்லை, மேலும் தீவிரமாக வாசிக்க ஆரம்பித்தான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ராக் இசையில் பேஸ் கிதாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் பின்வரிசை. டிரம்ஸோடு சேர்ந்து அடியைத் தாங்கிக்கொண்டு, முன்னால் நிற்கும் கிதார்கள் ஆடுவதற்குத் தரையாக இருப்பது. பர்ட்டன் அந்தத் தரையை எழுந்து நடக்க வைத்தான். விரலால் வாசிப்பான். கிதார்க்காரர்கள் பயன்படுத்தும் ஒலிச்சிதைப்புக் கருவிகளைப் பேஸில் இணைத்தான். 1983இல் வந்த அக்குழுவின் முதல் தட்டிலேயே பேஸ் தனி ஆவர்த்தனம் ஒன்று உண்டு. 1986இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ தட்டில் ‘ஓரியன்’ என்ற வாத்திய இசை இருக்கிறது. அதில் அவன் வாசித்ததைக் கிதார் என்றே நினைத்துக் கேட்டவர்கள் அநேகம். நானும் பல காலம் அப்படித்தான் கேட்டேன். பேஸ் என்று தெரிந்த நாளில் அந்த இசை முழுக்கக் கீழிருந்து மேலாக மாறிவிட்டது.

1986 செப்டம்பர் 26 இரவு ஸ்டாக்ஹோமில் கச்சேரி. முடிந்ததும் கோபன்ஹேகன் நோக்கிப் பஸ்ஸில் கிளம்பினார்கள். படுக்கைக்காகச் சீட்டு எடுத்தார்கள் என்றும், பர்ட்டனுக்கு ஸ்பேட் ஆஸ் வந்தது என்றும், அவன் கிர்க் ஹாமெட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டான் என்றும் சொல்கிறார்கள். 27ஆம் தேதி அதிகாலை, ஸ்வீடனின் தென்பகுதியில் பஸ் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியே வீசப்பட்ட பர்ட்டன் மேல் பஸ் விழுந்தது. வயது 24. சாலையில் படிந்த பனி வழுக்கிவிட்டது என்றார் ஓட்டுநர். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்தக் குளிரில் சாலையோடு நடந்து பனியைத் தேடியிருக்கிறார். பனி எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று பின்னாளில் சொன்னார். நண்பனைக் கொன்ற பனியைத் தேடிச் சாலையில் நடக்கும் அந்த மனிதரின் துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. யாரும் சந்தேகிக்க முடியாது.

ஆனால் அக்டோபர் முடிவதற்குள் புது ஆள் வந்துவிட்டார், ஜேஸன் நியூஸ்டெட். நவம்பரில் மறுபடியும் பயணம், மறுபடியும் மேடை. தாங்கள் அப்போது சரியாக அழவே இல்லை என்று அவர்களே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அழாத அழுகை எங்கேயாவது போய்த்தானே தீரும்? நியூஸ்டெட்டின் மேல் போயிற்று. விளையாட்டு என்ற பெயரில் அவரை வருஷக்கணக்காகச் சீண்டினார்கள், அவமானப்படுத்தினார்கள். இது வதந்தி அல்ல. இரு தரப்பும் பேட்டிகளில் சொன்ன சமாசாரம். குழுவுக்குள் சேர்த்துக்கொண்டு, சேரவில்லை என்று தினமும் அவருக்கு உணர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னணியில் செய்யப்பட்டதுதான் ‘டு லிவ் இஸ் டு டை’. இதன் நிறைகளை நான் குறைக்கப்போவதில்லை. பர்ட்டன் விட்டுச்சென்ற ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வந்து இசையின் எலும்பாக நிற்கும் கிதார் அடிகள், சில பதிவாகாமல் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கட்டினார்கள். இயற்றியவர்கள் பட்டியலில் ஹெட்ஃபீல்ட், உல்ரிக் பெயர்களோடு பர்ட்டன் பெயரும் முறைப்படி இருக்கிறது. மின்சாரம் இல்லாத கிதாரில் அமைதியாக ஆரம்பிக்கிறது. பிறகு பெரிய ரிஃப் இறங்குகிறது. அதில் வேகமே கிடையாது. வேகத்துக்குப் பேர்போன குழு இங்கே பாடை தூக்கியவர்களைப் போல் கனத்து நடக்கிறது. நடுவில் கனம் முழுக்க விலகி, கிதார்கள் மெல்ல ஊதிப் பெருகுவதுபோல் ஒலிக்கும் ஒரு பகுதி வருகிறது. இந்த இசை முழுவதிலும் துக்கம் துக்கமாகவே இருக்கும் இடம் அதுதான் என்பது என் அபிப்ராயம். அங்கே யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை.

அப்புறம், ஏழு நிமிடத்துக்குமேல் சொல்லில்லாமல் வந்த இசையில், ஹெட்ஃபீல்ட் நான்கு வரி பேசுகிறார். பர்ட்டனின் கவிதை என்று ரசிக உலகம் இதைக் கொண்டாடுகிறது. முதல் வரி, பொய்யைப் பற்றியது, ஜான் பூர்மன் 1981இல் எடுத்த ‘எக்ஸ்காலிபர்’ படத்தில் மெர்லின் பேசுவது. அடுத்த வரி ஸ்டீஃபன் டொனால்ட்ஸன் 1977இல் எழுதிய மாயாஜால நாவல் ஒன்றில் இருக்கிறது. மிஞ்சும் கடைசி இரண்டு வரிகள் பர்ட்டனுடையவை என்கிறார்கள். ஒரு பையன் தனக்குப் பிடித்த வரிகளை எங்கெங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டு, கீழே தன் வரியையும் சேர்க்கிறான். நாமெல்லாரும் இருபது வயதில் செய்த காரியம்தான். அது எவ்வளவு மனசைத் தொடுகிறது! அந்த உண்மையையே சொல்லியிருக்கலாம். செத்தவன் கவிஞனாகவும் இருந்தாக வேண்டும் என்ற ஆசை அதற்கு இடம் தரவில்லை. ரசிகர்கள் ஒரு வாசகனைக் கொன்று ஒரு கவிஞனைத் தயாரித்துக்கொண்டார்கள்.

இனி பேஸ் விவகாரம்.

நண்பரின் தத்துவத்துக்கு அடிப்படையே தவறு. இடம் காலியாக விடப்படவில்லை. நியூஸ்டெட் அந்தத் தட்டு முழுவதற்கும் வாசித்தார். 1988இன் முற்பகுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அது பதிவாயிற்று. குழுவின் மற்றவர்கள் உடனிருக்காமல், உதவி ஒலிப்பதிவாளரோடு தாம் தனியே வாசித்துப் பதிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வாசித்ததைக் கலவையில் அமுக்கினார்கள். உறையில் பெயர் இருக்கிறது, தட்டில் ஆள் இல்லை. ஆளுக்கு வாசிக்கத் தெரியாததால் நேர்ந்த கதியா? அதுவும் இல்லை. 1987இல், அதாவது ஒரு வருஷம் முன்னால், பிறர் பாடல்களை வாசித்து இதே குழு ஒரு சிறு தட்டு வெளியிட்டது. அதில் இதே நியூஸ்டெட்டின் பேஸ் கணீரென்று கேட்கிறது.

அமுக்கியதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஓயாத மேடைச் சத்தத்தில் காது மந்தமாகிக் கிடந்த நேரத்தில் கலவையைத் தீர்மானித்தார்கள் என்பது ஒன்று. நியூஸ்டெட் கிதாரின் வரிசையையே ஒட்டி வாசித்ததால் இரண்டும் ஒரே ஒலிப்பிரதேசத்தில் மோதிக்கொண்டன, கிதார் பேஸை விழுங்கிவிட்டது என்பது இரண்டாவது. மூன்றாவதை, கலவை செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்ஸன் பேட்டியில் சொன்னார்: கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்குப் பேஸை இறக்கச் சொன்னாராம் உல்ரிக், இறக்கிய பிறகு, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாராம்.

எது நிஜமோ, மூன்றுமேயோ. ஆனால் நண்பர் யோசிக்கட்டும். முதல் காரணம் நிஜமானால் இது அசட்டை. இரண்டாவது நிஜமானால் பௌதிகம். மூன்றாவது நிஜமானால் அகங்காரம். கிளிஃபுக்காக இந்த இடத்தைக் காலியாக விடுகிறோம் என்ற நான்காவது காரணத்தைச் சொன்னவர்கள் செய்தவர்கள் அல்ல. அவர்களுக்காக அதை நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அசட்டையையும் பௌதிகத்தையும் அகங்காரத்தையும் வழித்தெடுத்துச் சூன்யம் என்று பெயர் சூட்டுவதற்கு விமர்சனம் எதற்கு? ஜோஸ்யம் போதும்.

நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார். பிரக்ஞையில் இல்லாவிட்டாலும் ஆழ்மனத்தில் அந்தத் துக்கம்தானே வேலை செய்தது என்றார். செய்திருக்கலாம். இன்னொருவன் விரலில் அந்தக் கீழ்ஸ்தாயியைக் கேட்கத் தாங்காமல் அவர்கள் கை தானாக அதை இறக்கியிருக்கலாம். இந்த மனித பலவீனத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் துக்கம் ஒரு காரியத்துக்குக் காரணமாக இருந்துவிட்டால் அந்தக் காரியம் கலையாகிவிடாது. துக்கத்தில் ஒருவன் வீட்டு வேலைக்காரனை அறைந்தால் அந்த அறை இரங்கற்பா ஆகுமா? மௌனம் கலையாக வேண்டுமானால், மௌனமாக இருப்பவன் அதற்குத் தன் கையால் விலை கொடுத்திருக்க வேண்டும். பேஸே இல்லாமல் அந்த ஒன்பது நிமிடத்தை வாசித்து, இங்கே ஒருவன் இல்லை என்று அறிவித்திருந்தால் நான் தலைவணங்கியிருப்பேன். இங்கே மௌனமானது வேறொருவரின் உழைப்பு. விலை கொடுத்ததும் அந்த வேறொருவர்தான்.

நமக்கு இரங்கற்பா புதிய விஷயம் அல்ல. கையறுநிலை என்று துறையே வகுத்து வைத்தவர்கள் நாம். புறநானூற்றின் 242ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனின் சாவுக்கு இரங்குகிறார். சூடிக்கொள்ள இனி யார் இருக்கிறார்கள் என்று அங்கே பூத்து நிற்கும் முல்லையைப் பார்த்துக் கேட்கிறார். இளையவர்கள் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்யமாட்டார்கள், பாணனும் பாடினியும் தொடமாட்டார்கள், நீ ஏன் பூத்தாய் என்று. அநியாயமான கேள்விதான். முல்லை பருவம் வந்தது, பூத்தது. அவன் செத்தது அதன் குற்றமா? அந்த அநியாயம் தெரிந்துதான் பாட்டு அவ்வளவு வலிக்கிறது. ஆனால் கவனியுங்கள், புலவர் முல்லையைக் கோபிக்கிறார், பிடுங்கி எறியவில்லை. ஈராயிரம் வருஷமாக அந்தப் பாட்டில் முல்லை பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. சாத்தன் இல்லை என்பது அந்தப் பூவினால்தான் நமக்கு இன்றும் உறைக்கிறது.

நியூஸ்டெட் அந்த முல்லை. ‘நீ ஏன் வாசிக்கிறாய்?’ என்று அவரைப் பார்த்துக் கேட்க மெட்டாலிகாவுக்கு உரிமை இருந்தது. அந்தக் கேள்வியையே இசையாக்கியிருக்கலாம்: புதிய பேஸ் கேட்கிறது, கேட்கக் கேட்கப் பழைய பேஸ் இல்லை என்பது நெஞ்சை அடைக்கிறது. அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அது நிஜமான கையறுநிலை. அவர்கள் செய்தது பூவைக் கிள்ளிவிட்டு வெறும் கொடியைக் காட்டியது. அதுவும் எந்தப் பெயர் கொண்ட தட்டில்? எல்லோருக்கும் நீதி என்று அமெரிக்கக் கொடி வணக்க உறுதிமொழியின் கடைசிச் சொற்களைத் தலைப்பாகச் சூட்டிய தட்டில். பொய்க்கு எதிரான வரியை உரக்கச் சொல்லும் அதே எட்டாவது பாட்டில், அறையில் இருந்த ஒருவர் இல்லவே இல்லை என்று தட்டு சாதிக்கிறது.

பேஸ் கேட்டிருந்தால் துக்கம் குறைந்திருக்கும் என்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த இசையை அவர்கள் முதன்முறையாக முழுசாக மேடையில் வாசித்தது 2011 டிசம்பரில், ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில், குழுவின் 30ஆம் ஆண்டு நிறைவுக் கச்சேரிகளில். மேடையில் பேஸ் கேட்கத்தான் செய்தது. வானம் இடிந்து விழவில்லை. துக்கத்துக்குத் தரை கிடைத்தது, அவ்வளவுதான். 2018இல் பழைய தட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோதோ, பேஸை உயர்த்த மாட்டோம், நடந்தது நடந்தபடி இருக்கட்டும், சரித்திரத்தைத் திருத்தக் கூடாது என்றார்கள். இந்த நிலையை நான் மதிக்கிறேன். குற்றம் குற்றமாகவே பதிவில் கிடக்கட்டும். அதற்கு மேல் மௌனத்தின் அழகியல் என்று சந்தனம் பூச வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

அப்படியானால் பர்ட்டனுக்கு உரிய அஞ்சலி எது? இரண்டைச் சொல்வேன். அவன் சவ அடக்கத்தின்போது ‘ஓரியன்’ ஒலித்தது. அவன் இசை, அவன் விரல்கள், அவனே வாசித்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவது, அவன் தகப்பனார் ரே பர்ட்டன் செய்தது. மகனுக்கு வந்த ராயல்டியை, காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியில் சங்கீதம் படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவந்தார். 2020இல் காலமானார். இறந்த மகனின் பங்கு, வாத்தியத்தைக் கையில் எடுக்கும் ஏதோ ஒரு பையனுக்குப் போயிற்று. அண்ணன் செத்ததும் தம்பி பேஸில் இன்னும் தீவிரமானான் என்றேனே, தகப்பனார் அதே காரியத்தைத்தான் வேறு விதமாகத் தொடர்ந்தார். அந்தக் குடும்பத்தில் சாவு யாரையும் வாயடைக்கவில்லை. வாசிக்க வைத்தது.

நண்பரின் தத்துவம் என்னை இவ்வளவு கோபப்படுத்துவானேன் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நியாயமான கோபம் மட்டும் என்றால் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

பல வருஷங்களுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம். எங்களில் மிகச் சிறந்தவன் திடீரென்று செத்துப்போனான். அவன் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு இளைஞன் வந்தான். புரூஃப் பார்த்தான், தபால் கட்டினான், கவிதையும் எழுதினான். நல்ல கவிதைகள். இதழுக்கு இதழ் அவற்றை எடுத்துவைத்துவிட்டு, செத்துப்போனவனின் டைரியிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இடம் இல்லை என்று அவனிடம் சொன்னேன். இடம் இருந்தது. அவன் குரல் அந்தப் பக்கத்தில் கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை விசுவாசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் வரவில்லை. அடுத்த இதழிலிருந்து எழுதவும் இல்லை. எங்கேயும் எழுதவில்லை. நியூஸ்டெட் 2001வரை இருந்துவிட்டு, பெயரோடும் வயிறு நிறையப் பணத்தோடும்தான் வெளியேறினார். எங்கள் பையனுக்கு அதுவும் இல்லை.

செத்தவனுக்கு நான் செய்த அந்தச் சிறப்பிதழ்களை இன்றும் சிலர் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று இந்த நண்பரே ஒரு முறை பாராட்டினார். ஆகவே ‘டு லிவ் இஸ் டு டை’யை அவர் போட்டுக் காட்டிய அந்த இரவில் எனக்குச் சூன்யம் எதுவும் கேட்கவில்லை. கீழே இறக்கப்பட்ட ஒரு குரல் கேட்டது. இறக்கிய கையையும் அடையாளம் தெரிந்தது.

நண்பர் கட்டுரையை எழுதட்டும். அதற்கு முன் தட்டை இன்னொரு தரம் கேட்கட்டும், இந்த முறை நல்ல ஹெட்ஃபோனில், கண்ணை மூடிக்கொண்டு. கிதார்ச் சுவருக்குக் கீழே, எங்கேயோ, ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் சாகவில்லை.